தகரம் தாழ்ந்த கடை

காசிலிங்கம் மடத்தில் சேரும்போதே அறுபதைத் தாண்டியவர். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். காசிலிங்கம் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் மனசெல்லாம் பெரிய கடைத்தெருவில் கிடந்தது.

தெரு எங்கே இருக்கிறது? சண்டைக்காலத்தில் ஒரே பகல் குண்டுவீச்சில் போய்விட்டது. மிஞ்சிய சுவர்களையும் பிறகு இடித்துத் தள்ளிவிட்டார்கள். இப்போது வெறும் புல்வெளி. தெருமுனைக் கிணறு மட்டும் தப்பியது. பாவம் மனிதர், ஒற்றை ஆளாக உட்கார்ந்து அந்தத் தெருவின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை கொப்பியும் கையுமாகக் குருவிடம் வந்தார்.

"சுவாமி, நாப்பது கடை எழுதிப்போட்டன். என்ரை புடவைக்கடைதான் எந்த இடமெண்டு பிடிபடேல்லை. ஆளுக்கொரு இடம் சொல்லுகினம்."

"தெரியாட்டில் என்ன?"

"குண்டு விழுந்த அண்டைக்குத் தம்பியைக் கடையிலை இருத்திப்போட்டுத்தான் நான் சாப்பிடப் போனனான். அவன் செத்த இடத்திலை ஒரு விளக்காவது வைக்க வேண்டாமோ?"

குரு எழுந்தார். மடத்துப் பழந்துணிகளை ஒரு பெரிய மூட்டையாகக் கட்டினார். முன்பு சரக்கு லொறிகள் நிற்கும் கிணற்றடிக்கு இருவரும் போனார்கள்.

"லொறியிலை சரக்கு வந்திருக்கு. கடைக்குக் கொண்டுபோங்கோ" என்றார் குரு.

"எந்த இடத்துக்குச் சுவாமி?"

"கடை நடத்தின இருபது வருசமும் கேட்டுக் கேட்டோ சுமந்தனீங்கள்?"

சுவாமிக்கு நேரங்காலம் தெரியாத விளையாட்டு என்று முணுமுணுத்துக்கொண்டே காசிலிங்கம் மூட்டையைத் தோளில் ஏற்றினார். பாரம் ஏறியதும் கால்கள் வேகம் பிடித்தன. புல்லுக்குள் கொஞ்சத் தூரம் போனவர், சட்டென்று தலையைக் குனிந்து, முழங்காலை மடித்து, ஓரடி வைத்து நிமிர்ந்தார்.

தலைக்கு மேலே வானந்தான் இருந்தது.

"தகரம்..." என்றார். மூட்டை நழுவி விழுந்தது. "தூவானம் அடிக்குமெண்டு வாசல் தகரத்தை நான்தான் தாழ்த்திப் போட்டனான். வாற சனத்துக்கெல்லாம் மண்டையிலை அடி. உயர்த்தண்ணை, உயர்த்தண்ணை எண்டு தம்பி எத்தினை தரம் சொன்னவன்! நான் கேக்கேல்லை, சுவாமி."

அங்கேயே குந்தியிருந்து விம்மி விம்மி அழுதார். குரு தடுக்கவில்லை. தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அழுது ஓய்ந்ததும் காசிலிங்கம் கொப்பியை விரித்தார்.

"என்னெண்டு எழுதுறது, சுவாமி? சாட்சிக்கு ஒரு கல்லும் இல்லையே."

குரு சொன்னார்: "இந்த இடத்திலை எல்லாரும் குனிஞ்சுதான் போறவை எண்டு எழுதுங்கோ."