கடைசிவரை அசையாத ரசிகர்கள்

மல்லிநாட்டு மன்னர் வீரகேதுவுக்கு எதையும் சும்மா தொடங்கப் பிடிக்காது. கிணறு வெட்டினாலும் மேளம், ஆட்டுக்கொட்டகை திறந்தாலும் வாணவேடிக்கை. அப்படிப்பட்டவர் அண்டை நாட்டு மல்லர்களையெல்லாம் அழைத்து மல்யுத்தப் போட்டி வைத்தால் விடுவாரா? முதல் நாள் முழுக்கத் துவக்க விழா. குஸ்தி மறுநாள்தான்.

விழாப் பொறுப்பு மந்திரி திரிலோகநாதருக்கு. ஆகவே மந்திரியின் மைத்துனர் எழுதிய வரவேற்புப் பாட்டு, மருமகன் அமைத்த நடனம், மந்திரியே ஆற்றிய பேருரை எல்லாம் தற்செயலாக நிகழ்ச்சியில் இடம்பிடித்துக்கொண்டன. பாவம், மல்லர்கள்! உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வந்தவர்கள் உச்சி வெயிலில் நின்று அப்பளமாய்ப் பொரிந்தார்கள். மன்னருக்கு மட்டும் வெயில் படாமல் திரை கட்டிய மேடை.

பேருரை பாதியில் இருக்கும்போது முன்வரிசையில் காத்தமுத்து கொட்டாவி விட்டான். மன்னரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். வாய் பெரிய வாய். கொட்டாவியும் அதற்கேற்ற கொட்டாவி. மந்திரி பார்த்துவிட்டார். பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை, அதுதான் அவர் திறமை.

சாயங்காலம் அவை கூடியது.

"மகாராஜா! காலையில் உட்கார்ந்த சனம் விழா முடியும்வரை அசையவில்லை. வெள்ளை, சிவப்பு, பச்சை என்று வரிசை வரிசையாக இருந்ததை நானே பார்த்தேன். ஓர் இடம்கூடக் காலியில்லை!" என்றார் மந்திரி. பத்தடிக்கு அப்பால் அவருக்கு எல்லாமே நிறங்கள்தான். அதை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. "காவலர்களை வீடு வீடாக அனுப்பியும் கேட்டுவிட்டேன். எல்லோரும் 'அற்புதம்' என்கிறார்கள்."

"ஈட்டியோடு வந்து கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன்" என்றான் காத்தமுத்து.

"கேட்டீர்களா? ஊரே சொக்கிப்போன விழாவில் இவன் கொட்டாவி விட்டான்! இவனை விரட்டிவிட்டு அவையில் இவன் ஆசனத்தை என் மைத்துனருக்குக் கொடுங்கள்."

மன்னர் மீசையைத் தடவினார். "ஆமாம், ஆமாம், பிரமாதமான விழா. காத்தமுத்து, உன்னைப் போல இன்னொருவனாவது சலித்துப்போனான் என்று இருட்டுவதற்குள் காட்டு. இல்லையென்றால் ஆசனம் உனக்கில்லை."

காத்தமுத்து சிரித்துக்கொண்டே வணங்கினான். உள்ளுக்குள் கலங்கித்தான் போனான். கொட்டாவிக்கு வேலை போயிற்று என்று வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது?

வெளியே மோர்க்காரி ஒருத்தி பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விழா எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "அற்புதங்க."

"நான் மந்திரி ஆள் இல்லை."

"இருந்தாலும் அற்புதந்தாங்க. எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுல்ல?"

"சரி, அந்த வரவேற்புப் பாட்டு?"

"எந்தப் பாட்டு? நாங்கதான் நாளைக்கிக் குஸ்தி பாக்கத் துண்டு போட்டுட்டு அப்பவே…" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

காத்தமுத்து மைதானத்துக்கு ஓடினான். ஆள் ஒருவர் இல்லை. ஆனால் மந்திரி சொன்னது சத்தியம், ஓர் இடம்கூடக் காலியில்லை! படிக்குப் படி துண்டு. வெள்ளைத் துண்டு, சிவப்புத் துண்டு, பச்சைத் தலைப்பாகை. பறக்காமல் இருக்க மேலே ஒரு கல். காலையில் முன்வரிசையில் மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த காத்தமுத்துவுக்கு முதுகுக்குப் பின்னால் நடந்தது தெரியவில்லை. ஒரு வரிசைத் துண்டுகளை வாரி மூட்டை கட்டினான். அரச மேடைப் பக்கமும் ஒரு நடை போய்விட்டு அவைக்குத் திரும்பினான்.

"மகாராஜா, கடைசிவரை அசையாத ரசிகர்களை அழைத்து வந்திருக்கிறேன்" என்று மூட்டையை அவிழ்த்தான்.

"சீ! என்ன இது, அழுக்குத் துணி?" என்றார் மந்திரி.

"மரியாதையாகப் பேசுங்கள் ஐயா. உங்கள் பேருரையை முழுதாகக் கேட்டவர்கள் இவர்கள்தான். எழுந்திருக்கவில்லை, இருமவில்லை. நடுவே கைதட்டியதுபோல் தெரிந்திருந்தால் அது காற்று."

அவை குலுங்கியது. மன்னருக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது.

"என்ன திமிர்! விழா நடக்கும்போது துணியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவதா? ஒவ்வொரு துணிக்கும் உரியவனைப் பிடி! ஒருவனையும் விடாதே, எல்லோருக்கும் கசையடி!"

காத்தமுத்துவுக்கு மோர்க்காரியின் முகம் நினைவுக்கு வந்தது.

"உத்தரவு, பிரபு. ஆனால் இது ஒன்றுதான் யாருடையதென்று தெரியவில்லை" என்று மூட்டையின் அடியிலிருந்து ஒன்றை உருவினான். பட்டு. இரண்டு பக்கமும் பொன் சரிகை. ஓரத்தில் மல்லிகைக்கொடி முத்திரை. "திரைக்குப் பின்னால், அரச ஆசனத்தின்மேல் இருந்தது. கல்கூட வைக்கவில்லை, பாவம். இவரிடமிருந்தே அடியைத் தொடங்கலாமா?"

மன்னரின் கை தானாகத் தோளுக்குப் போனது. தோள் வெறுமையாக இருந்தது.

அவையோர் முத்திரையைப் பார்த்தார்கள், பிறகு மன்னரின் தோளைப் பார்த்தார்கள். மந்திரி மட்டும் கண்ணைச் சுருக்கி, "நீலமா, பச்சையா?" என்று முணுமுணுத்தார்.

திடீரென்று மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இரண்டாவது பாட்டிலேயே பின்வாசல் வழியாகப் போய்விட்டேனடா! ஊர் முழுக்க ரசிப்பதாக இவர் சொன்னதும், எனக்குத்தான் ரசனை இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன். கசையடியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். துண்டுகளை எடுத்த இடத்திலேயே போட்டுவிடு. இல்லாவிட்டால் நாளைக்கு மல்லர்களுக்கு முன்னால் சனம் கட்டிப்புரளும்!"

சிரிப்பு அடங்கியதும் அவனை உற்றுப் பார்த்தார். "அது சரி, நானே போய்விட்டேன். நீ மட்டும் ஏன் கடைசிவரை உட்கார்ந்து கொட்டாவி விட்டாய்?"

"என்ன செய்வது, பிரபு? தங்கள் முன்னால் தோளில் துண்டு போடக்கூடாது என்பது அவை வழக்கம். எங்களிடம் போட்டுவிட்டுப் போக ஒன்றும் இல்லை."

மன்னர் இறங்கி வந்து, அந்தச் சரிகைப் பட்டைத் தம் கையாலேயே அவன் தோளில் போர்த்தினார்.

"வைத்துக்கொள். போட்டி முடியும் அன்று நிறைவு விழா இருக்கிறது. அதற்கும் மந்திரிதான் பொறுப்பு."