அல்லி இளவரசியின் கிரீடம்

ஒரு காட்டுக் குளத்தில் முக்குளிப்பான் பறவைக் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. அப்பா, அம்மா, குமிழி என்ற பெண் குஞ்சு, சுழியன் என்ற அவள் தம்பி.

தினமும் காலையில் பயிற்சிக்காக அம்மா, "நிழல்!" என்று குரல் கொடுப்பாள். அந்தக் குரல் அடங்குவதற்குள் குஞ்சுகள் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். பருந்து வட்டமிடும் குளத்தில் அவர்களுக்கு வேறு பாதுகாப்பு கிடையாது. இதில் குமிழிதான் கெட்டிக்காரி. அவள் முங்கினால் தண்ணீர்கூட அசையாது.

கரையில் இருந்த நாவல் மரத்தில் ஒரு மைனா இருந்தது. பேச்சில் அதை யாரும் மிஞ்ச முடியாது. குளத்தடியில் ஊரும் கொழுத்த பூச்சிகள் மேல் அதற்குக் கொள்ளை ஆசை. ஆனால் முங்கத் தெரியாது. அதனால் குஞ்சுகளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தது.

அல்லி இளவரசி என்று ஒருத்தி இருந்தாளாம். இலை மேல் உட்கார்ந்தே இருப்பாளாம். தலை நனையவே நனையாதாம். ஆபத்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடுவாளாம். உடனே இளவரசன் முள்வாளோடு பாய்ந்து வந்து காப்பாற்றுவானாம்.

கதை முடிந்ததும் மைனா சரக்கை வெளியே எடுத்தது. அல்லி இதழில் ஒரு கிரீடம், கருவேல முள்ளில் ஒரு வாள். ஒவ்வொன்றுக்கும் விலை மூன்று பூச்சி. குமிழி முதலில் வாளைத்தான் தொட்டாள். மைனா அதை நைசாக வாங்கித் தம்பியிடம் கொடுத்தது.

"இது ஆம்பளைப் பிள்ளைக்கு, கண்ணு. உனக்குக் கிரீடம்தான் அழகு."

கிரீடம் மத்தியானத்துக்குள் வாடிவிடும். மைனாவுக்கு அதில் வருத்தம் இல்லை. மறுநாள் இன்னொரு கிரீடம், இன்னும் மூன்று பூச்சி. மகள் இப்போது அடக்கமாக இருக்கிறாள் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. நாள் முழுக்க முங்கி முங்கிப் பூச்சி பிடித்தார்.

அம்மா குரல் கொடுத்தால் இப்போது யாரும் முங்குவதில்லை. கிரீடம் நனைந்துவிடும் என்றாள் குமிழி. வாள் வைத்திருப்பவன் ஒளியலாமா என்று கேட்டான் சுழியன். அம்மா திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தாள். அப்பாவோ, சின்னப் பிள்ளைகள்தானே, விளையாடட்டும் என்றார்.

ஒரு நாள் பூச்சி தேடி அப்பாவும் அம்மாவும் எதிர்க்கரைக்குப் போயிருந்தார்கள். குளத்தின் மேல் நிழல் விழுந்தது. இந்த முறை நிஜமான நிழல்.

மைனா முதல் ஆளாக மரப்பொந்துக்குள் போய்விட்டது. குமிழி கதையில் வந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டாள். சுழியனும் கதையில் வந்தபடியே அவள் முன்னால் வந்து நின்றான். குமிழி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். தம்பியின் அலகில் அந்த முள் நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் நாவல் பழம் அளவுதான் இருந்தான்.

குமிழி கிரீடத்தை உதறினாள். தம்பியின் காலைக் கவ்வி இழுத்துக்கொண்டு முங்கினாள். பருந்தின் நகத்தில் கிரீடம் மட்டுமே சிக்கிக் கிழிந்தது.

அப்பாவும் அம்மாவும் பதறி ஓடி வந்தபோது, தண்ணீரில் அல்லி இதழ்கள்தான் மிதந்தன. அப்பா முங்கி முங்கித் தேடினார். அம்மா கதறினாள்.

அப்போது கோரைப் புல்லுக்குள் பேச்சுக் குரல் கேட்டது.

"நான் பயந்துட்டேங்கா. பயப்படக் கூடாதுன்னு மைனா அத்தை சொல்லுச்சே," என்று அழுதான் சுழியன்.

"நானும்தான் பயந்தேன். அதனாலதான்டா தப்பிச்சோம்," என்றாள் குமிழி.

அப்பா இருவரையும் இறக்கைக்குள் அணைத்துக்கொண்டார். அன்றோடு மைனாவுக்குப் பூச்சி பிடிப்பதை நிறுத்தினார்.

மைனா சும்மா இருக்குமா? மறுநாளே புதுக் கிரீடத்தோடு வந்தது. இது முங்கும் இளவரசியின் கிரீடம், தைரியசாலிப் பெண்களுக்கென்றே செய்தது என்றது. விலை ஐந்து பூச்சி.

குமிழி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முங்க எனக்கே தெரியும் அத்தை. இது எதுக்கு?"

மைனா அவசரமாக இன்னொரு கதையை ஆரம்பித்தது. அதற்குள் அம்மா, "நிழல்!" என்றாள். அக்காவும் தம்பியும் சேர்ந்து முங்கினார்கள். கிரீடம் மட்டும் மைனாவின் காலடியில் வாடிக் கிடந்தது.

பெண் என்றால் இப்படி, ஆண் என்றால் அப்படி என்று யாராவது அழகாகக் கதை சொன்னால், அதில் சொல்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.