வரைய முடியாத முக்கோணம்

கேள்வி கேட்பவரே தப்பாகக் கேட்டுவிட்டால் பதில் எழுதுகிறவர் என்ன செய்வார், பாவம்! ஒரு மாநிலத்தின் பாடத்திட்டத் தேர்வு வாரியத்துக்கு ஒரு சித்திரை மாதத்தில் இந்தத் தலைவலி வந்து சேர்ந்தது.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி: 'மூன்று, நான்கு, எட்டு சென்டிமீட்டர் பக்கங்கள் கொண்ட முக்கோணம் வரைக.' வாரியத்துப் பெரியவர்கள் வரிசையாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட கேள்விதான். ஒருவராவது ஸ்கேலை எடுத்து வரைந்து பார்த்திருக்கலாம். மூன்றும் நான்கும் ஏழுதானே, மிச்சம் ஒரு சென்டிமீட்டருக்கு எங்கே போவது? தேர்வறையில் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு புண்ணியவான் எட்டு சென்டிமீட்டர் கோட்டை வில்லாக வளைத்து ஒப்பேற்றியிருந்தான்.

குட்டு வெளிப்பட்டதும் வாரியம் தன் வழக்கப்படி சுற்றறிக்கை அனுப்பியது. 'கேள்வி தவறு. விடையளிக்க முயன்ற அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்கவும்.' திருத்தும் முகாமில் எல்லோரும் அப்பாடா என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து, திருத்திக்கொண்டிருந்த பீர் முகமது சாரிடம் ஒரு விடைத்தாள் வந்தது. பெயர் மறைத்த தாள். கூட்டினால் முப்பது; தேற முப்பத்தைந்து வேண்டும். முக்கோணக் கேள்விக்கு அந்தப் பிள்ளை, 'இதை வரைய முடியாது, பக்கங்கள் சேரவில்லை' என்று எழுதியிருந்தது. பிறகு என்ன பயமோ, எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டது. வாரியத்திலோ பழைய விதி ஒன்று உண்டு: மாணவர் அடித்த விடையைத் திருத்தக் கூடாது. ஒரு பிள்ளையின் வருஷமே அந்தக் கோட்டில் தொங்கியது.

முகாம் அலுவலர் கோமதிநாயகம் தாளைப் பார்த்தார். "அடிச்சாச்சுன்னா அது எழுதாத மாதிரிதான். பூஜ்யம் போடுங்க."

பீர் முகமதுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் இது! அத்தனை பெரிய ஆளுங்க கண்டுபிடிக்காததை இந்தப் பிள்ளை கண்டுபிடிச்சிருக்கு. சரியான விடை சார், அஞ்சு குடுக்கணும்."

முதன்மைத் தேர்வாளர் ஜெயசீலி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அஞ்சு குடுக்கணும்தான். ஆனா சரியான விடைங்கிறதுக்காக இல்ல, முயற்சி பண்ணினதுக்காக."

விதியையும் மீறக் கூடாது, பிள்ளையையும் கைவிடக் கூடாது. சொல்லுங்கள், இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: ஜெயசீலி டீச்சர் சொன்னதே சரி. அடித்த விடையைத் திருத்தக் கூடாது என்பதால், பீர் முகமதுவின் ஆசை நியாயமானாலும் விதி இடம் தராது. ஆனால் சுற்றறிக்கை விடைக்கா மதிப்பெண் தந்தது? முயன்றதற்கல்லவா தந்தது! எழுதாத ஒன்றை யாராலும் அடிக்க முடியாது. பிள்ளை முயன்றது என்பதற்கு அந்தக் கோடே சாட்சி. டீச்சர் இதை எடுத்துச் சொன்னதும் கோமதிநாயகம் தலையைச் சொறிந்தார். பிறகு சிவப்புப் பேனாவை வாங்கி, முப்பதை அடித்துவிட்டு, முப்பத்தைந்து என்று தம் கையாலேயே எழுதினார்.