காலடிக்கு மேலே எழுதியது

அந்தக் காலத்தில் பறவையும் விலங்கும் பேசிக்கொண்டன. பேசிய சொல்லை நம்பவும் செய்தன. வினையே அதில்தான் வந்தது.

கதிரணை என்ற ஊர் அப்போது முழுக்க நெல்வயல். தலைவர் உடும்பு. பிடித்த நாற்காலியை உடும்பு விடுமா? எழுத்தர் கொக்கு, சேற்றிலேயே நின்றாலும் வெள்ளை கலையாத ஆசாமி. ஊர் பெருகப் பெருக வயல்கள் ஒவ்வொன்றாக வீதிகளாயின. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் ‘ஒருமனதாகத் தீர்மானம்’ என்று பறை மட்டும் அறைந்தார்கள். ஒருமனதாம்! யாருடைய மனது?

ஏரிக்கரை வயலின் வரப்பில், வைக்கோல் கூட்டில் நான்கு முட்டைகளோடு இருந்தாள் செம்மூக்கி. நீண்ட மஞ்சள் கால்களுள்ள பறவை. சத்தமே போடாதவள்.

ஊர்க்கூட்டத்துக்கு வருகிறவர்கள் வாசலில் ஈரக் களிமண் பலகையில் காலடி பதித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஒரு கூட்டத்தன்று செம்மூக்கி வாசலில் தயங்கினாள்.

“என்ன கொக்கண்ணே, மேல பாதிப் பலகை வெறுமனே கிடக்கு?”

“யாரு வந்தா, யாரு வரலைன்னு தெரியத்தான் இது, தாயி. கூட்டம் முடியாம என்னத்த எழுதுறது?”

உறுத்தியது. ஆனால் கூட்டம் தொடங்குகிற வழியைக் காணோம். உச்சி வெயில். முட்டைகள் வெந்துவிடும். காலை அழுத்திப் பதித்துவிட்டு, உள்ளே போகாமல் கூட்டுக்குப் பறந்தாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் குடித்துத் திரும்பினால், வரப்பு இல்லை. எருமைகள் சரளைக்கல் கொட்டிக்கொண்டிருந்தன.

“யாரைக் கேட்டுக் கொட்டுறீங்க?”

“உன்னைக் கேட்டுத்தானாமே,” என்றது ஓர் எருமை.

உடும்பிடம் ஓடினாள். கொக்கு காய்ந்த பலகையை நீட்டியது. ‘ஏரிக்கரை வயலை மனையாக்க அனைவரும் சம்மதம்.’ கீழே அவளுடைய மூன்று விரல் தடம்.

“அது நான் வந்ததுக்கு அடையாளம்!”

“வந்தவ எதிர்க்கலையே?”

“எதிர்க்க நான் அங்க இல்லையே!”

“இல்லாதவ காலடி இங்க எப்படி வந்துச்சு?” என்றது உடும்பு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொக்கு மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் களிமண் பிசைந்துகொண்டிருந்தது.

மூன்று முட்டைகள் சரளைக்கு அடியில் போயின. ஒன்று மட்டும், கல்லோடு கல்லாகப் புள்ளிபோட்டுக் கிடந்ததால், யார் கண்ணிலும் படாமல் தப்பியது. செம்மூக்கி அதன்மேல் உட்கார்ந்தாள். மாலையில் கொக்கு அளவுக்கயிற்றோடு வந்தது. அதுவரை திறக்காத தொண்டையைத் திறந்தாள்.

“யாரு? எதுக்கு? யாரு? எதுக்கு?”

ஊரே திரும்பிப் பார்த்தது. கயிற்றைப் போட்டுவிட்டு ஓடியது கொக்கு.

அன்று முதல்தான் அவள் வம்சம் கூடு கட்டாமல் சரளையிலேயே முட்டையிடுகிறது. எந்த ஆள் வந்தாலும் ஊருக்குக் காட்டிக் கத்துவதால் ஆட்காட்டி என்று பெயர். இன்றும் மனைக்கற்களுக்கு நடுவே அது நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து பார்க்கும்: தன் காலடிக்கு மேலே யாராவது ஏதாவது எழுதிவிட்டார்களா என்று.