ஒண்டிக்கட்டைகளின் காவல்

மலையடிவாரத்து நீர்த்தேக்கம் ஒன்றில் இருநூறு நாமக்கோழிகள் வாழ்ந்தன. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை நாமம். அவற்றில் பாதிதான் ஜோடி சேர்ந்தவை. அவை கரையோரக் கோரைப்புல்லில் கூடு கட்டி முட்டையிட்டன. மீதிப் பாதி ஒண்டிக்கட்டைகள்! கூடு கட்ட இடம் கிடைக்காமல் நடுநீரில் சும்மா மிதந்துகொண்டிருந்தன.

நீலாயி என்ற நாமக்கோழி ஏழு முட்டைகளை அடைகாத்தாள். அவள் கணவன் சூரப்பனுக்கோ கூட்டில் நிற்கவே நேரமில்லை. பொழுது விடிந்தால் ஒண்டிக்கட்டைகளை விரட்டுவதுதான் வேலை. மற்ற ஆண்களும் அப்படியே!

“கூடு இல்லாதவனுக்குக் கோரைப் பக்கம் என்னடா வேலை?” என்று கத்திக்கொண்டே ஓடுவான் சூரப்பன்.

அவன் அந்தப் பக்கம் போனால், இந்தப் பக்கம் பருந்து இறங்கும். போன வருஷம் ஐம்பது கூடுகளிலும் சேர்த்து ஒன்பது குஞ்சுகள்தான் பிழைத்தன. நீலாயிக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்த வருஷமும், நேற்றுத்தான் பக்கத்துக் கூட்டில் இரண்டு முட்டை போனது.

“இன்றைக்காவது கூட்டோடு இருங்களேன்!” என்றாள் நீலாயி.

“நான் அசந்தால் அந்தத் தவிடன் நம் இடத்தையே பிடித்துக்கொள்வான்!” என்றான் சூரப்பன். தவிடன்தான் ஒண்டிக்கட்டைகளின் தலைவன்.

“இடம் போனால் வேறு இடம் தேடலாம். முட்டை போனால்?”

சூரப்பன் காதில் வாங்கவில்லை. தூரத்தில் எவனோ தலைகாட்ட, விரட்ட ஓடிவிட்டான்.

நீலாயிக்கு மனசு கேட்கவில்லை. முட்டைகளைப் புல்லால் மூடிவிட்டு நடுநீருக்கு நீந்தினாள்.

“தம்பி தவிடா, பருந்து வந்தால் உதவிக்கு வருவீர்களா?”

தவிடன் சிரித்துவிட்டான். “கிட்டே வந்தாலே கொத்துகிறார்களே அக்கா! அடியும் வாங்கிக்கொண்டு காவலும் காக்கவா?”

“கோரை ஓரத்துப் பாசியில் உங்களுக்கும் பங்கு உண்டு. அதற்கு நான் பொறுப்பு!”

நடுநீரில் மேய்ச்சல் இல்லாமல் ஒண்டிக்கட்டைகளின் வயிறு ஒட்டிக் கிடந்தது. “சரி அக்கா! ஒரு குரல் கொடுங்கள், போதும்!” என்றான் தவிடன்.

அவள் கூட்டுக்குத் திரும்பிச் சற்று நேரம்கூட ஆகவில்லை. தலைக்கு மேல் நிழல் விழுந்தது. பருந்து!

“தவிடா!” என்று அலறினாள்.

நூறு ஒண்டிக்கட்டைகளும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. கூட்டைச் சுற்றி நெருக்கியடித்து நின்று, காலாலும் சிறகாலும் நீரை வாரி இறைத்தன. பருந்தின் கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர்! இறக்கை நனைந்து கனத்தது.

“முட்டையும் வேண்டாம், முழுக்கும் வேண்டாம்!” என்று அது தள்ளாடிப் பறந்தது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த சூரப்பன், பழக்க தோஷத்தில் தவிடனைக் கொத்தப் பாய்ந்தான். நீலாயி குறுக்கே வந்தாள்.

“முதலில் முட்டைகளை எண்ணுங்கள்! யாரைக் கொத்துவது என்று அப்புறம் பார்க்கலாம்!”

எண்ணினான். ஏழும் பத்திரமாக இருந்தன. நடந்ததைக் கேட்டதும் அவன் கழுத்து தாழ்ந்தது.

“தம்பி... பசிக்கிறதா? அந்த மூலையில் பாசி நிறையக் கிடக்கிறது, வா!” என்றான் தவிடனிடம்.

மற்ற ஆண்களும் விரட்டுவதை விட்டார்கள்; ஒண்டிக்கட்டைகள் எல்லாக் கூடுகளுக்கும் காவல் நின்றன. அந்தப் பருவத்தில் நூற்றெழுபது குஞ்சுகள் பிழைத்தன! சிவப்பு வழுக்கைத் தலைகள் நீரெங்கும் ஓடின. எது தன் குஞ்சு என்று தெரியாமல், வாயைத் திறந்த எல்லாவற்றுக்கும் ஊட்டிக்கொண்டிருந்தான் சூரப்பன். நீலாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

உதவாதவன் என்று ஒருவனை ஒதுக்குமுன், அவனிடம் ஒருமுறை உதவி கேட்டுப் பார்க்க வேண்டும்.