கொட்டாங்கச்சிச் சத்தம்

கேளுங்கள். பழங்கதை என்றால் மன்னனில் தொடங்க வேண்டும். இந்தக் கதை நடந்த காலத்திலும் ஒரு மன்னன் இருந்தான். ஆனால் அவனுக்கு இதில் வேலையில்லை. காவிரி கடலில் கலக்கிற ஊரில் ஒரு புத்த விகாரம் இருந்தது. கதை அதன் மதிலுக்குள்ளேயே தொடங்கி, மதிலுக்குள்ளேயே முடிகிறது.

விகாரத்தில் அறுபது பிக்குகள். மழைக்காலம் மூன்று மாதமும் அவர்கள் வெளியே போவதில்லை. விடிந்ததும் மண்டபத்தில் தியானத்துக்கு உட்கார்ந்தால், மணி அடிக்கும்வரை ஒருவரும் எழக் கூடாது. மடியில் பல்லி விழுந்தாலும் அவர்கள் இமை அசையாது என்று ஊரில் பேர். கப்பல் வணிகர்கள் அந்த அசையாத வரிசைகளைப் பார்க்கவே வந்தார்கள். பார்த்துவிட்டு அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனார்கள்.

தலைமைத் தேரர் தீபநந்தி. முதல் வரிசையில் அவருக்கு அடுத்த இடம் சீலபாலருக்கு. தேரருக்குப் பின் இவர்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சீலபாலரும் அப்படியே நினைத்தார். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு அறவாணர் என்ற வயதான பிக்கு படுத்த படுக்கையானார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இருமல் தியானத்தைக் கலைக்கிறதென்று அவரை மண்டபச் சுவருக்குப் பின்னாலிருந்த விறகு அறையில் போட்டார்கள். பக்கத்தில் ஒரு கலயம் தண்ணீர், மொண்டு குடிக்க ஒரு கொட்டாங்கச்சி. தண்ணீர் தீர்ந்தால் கொட்டாங்கச்சியால் கலயத்தில் தட்டுவார். டொக், டொக், டொக்.

முதல்முறை அது கேட்டபோது சீலபாலர் பாதி எழுந்துவிட்டார். தேரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “ஒலி எழுகிறது. ஒலி மறைகிறது. அறிந்துகொண்டு விட்டுவிடு.”

சீலபாலர் உட்கார்ந்தார். எழுகிறது, மறைகிறது. பத்து நாளில் அந்தச் சத்தத்தை மூச்சைப் போல் கவனிக்கப் பழகிவிட்டார். மனம் முன்னைவிட நன்றாக நிலைத்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

காலையில் முற்றம் பெருக்க வருகிற பொன்னாத்தாள்தான் கலயத்தை நிரப்பிவிட்டுப் போவாள். ஒருநாள் மணி அடித்து வெளியே வந்த சீலபாலரை நிறுத்தினாள்.

“முடியைத்தான் மழித்தீர்கள் என்று நினைத்தேன், அடிகளே. காதையுமா?”

அவர் புன்னகைத்துவிட்டு நடந்தார். அதுவும் பயிற்சிதான்.

மழை முடிகிற முழுநிலா நாளில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் முதல் இளையவர் வரை ஒவ்வொருவரும் கைகூப்பிச் சபையிடம் கேட்க வேண்டும்: “என்னிடம் குற்றம் கண்டதுண்டா, கேட்டதுண்டா, ஐயுற்றதுண்டா? இரக்கம் வைத்துச் சொல்லுங்கள்.” இப்படி மும்முறை. தீபநந்தி மும்முறை கேட்டார். சபை மும்முறையும் பேசாதிருந்தது. சீலபாலரும் பேசவில்லை.

அடுத்த மழையில், துடைப்பச் சத்தம் இடைஞ்சல் என்று பொன்னாத்தாளை மூன்று மாதம் வரவேண்டாமென்றார்கள். கொட்டாங்கச்சி அடிக்கடி தட்டியது. பிறகு மெல்லத் தட்டியது. ஒருநாள் தட்டவே இல்லை.

அன்று மணி அடித்ததும் ஒரு பிக்கு, இன்றைக்குத்தான் தியானம் கூடியது என்றார். மற்றவர்களும் ஆமோதித்தார்கள். அறவாணர் செத்துக் கிடந்ததை மறுநாள்தான் பார்த்தார்கள். கலயம் காய்ந்து கிடந்தது.

முழுநிலா நாளில் தேரர் மும்முறை கேட்டார். மூன்றாம் முறை சீலபாலரின் வாய் திறந்தது. தேரர் அவரைப் பார்த்தார். சீலபாலர் தேரர் உட்கார்ந்திருந்த இருக்கையைப் பார்த்தார். திறந்த வாயால் ஒரு கொட்டாவி விட்டுவைத்தார்.

மூன்றாம் மழையில் சீலபாலருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது கால்கள் விளங்கவில்லை. தொண்டையும் அடைத்துப் பேச்சு நின்றுபோனது. அவரை எங்கே போட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கலயம் அதேதான். கொட்டாங்கச்சியும் அதேதான். பொன்னாத்தாளை அந்த மழையிலும் வரவேண்டாமென்றிருந்தார்கள்.

அவர் தட்டினார். சுவருக்கு அப்பால் தேரரின் குரல் புதிய பிக்கு ஒருவருக்குப் பாடம் சொன்னது: “ஒலி எழுகிறது. ஒலி மறைகிறது. அறிந்துகொண்டு விட்டுவிடு.”

நல்ல மாணவன் கிடைத்திருந்தான் போலும். யாரும் எழுந்து வரவில்லை.

முழுநிலா நாள் வந்தபோது கலயம் காய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சுவருக்கு அப்பால் தேரர் கேட்பது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

“என்னிடம் குற்றம் கண்டதுண்டா, கேட்டதுண்டா, ஐயுற்றதுண்டா?”

சீலபாலர் கொட்டாங்கச்சியை எடுத்துத் தட்டினார்.

தேரர் இரண்டாம் முறை கேட்டார். சீலபாலர் தட்டினார்.

தேரர் மூன்றாம் முறை கேட்டார். இருந்த உயிரையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து சீலபாலர் தட்டினார். கொட்டாங்கச்சி இரண்டாகப் பிளந்தது.

மண்டபத்தில் ஓர் இமையும் அசையவில்லை. சபை மும்முறையும் பேசாதிருந்ததால் தேரரிடம் குற்றமில்லை என்று முடிவானது. மணி அடித்தது. எல்லாரும் எழுந்து சாப்பிடப் போனார்கள்.

தாகத்தில் தட்டுகிறவனை வெறும் சத்தமாகக் கேட்டுப் பழகியவன், தன் முறை வரும்போது வெறும் சத்தமாகத்தான் கேட்கப்படுவான்.