பாவாயி பார்த்த முட்டைக் கணக்கு

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் முட்டை குறைந்துகொண்டே வந்தது. மேனேஜர் தெய்வசிகாமணி, கம்ப்யூட்டரில் பதிவு போடும் பாவாயியைக் கூப்பிட்டார்.

"தீனி போடற பொம்பளைங்க பேசிப் பேசியே கோழிய மிரள வெக்கிறாங்க. தினமும் எத்தனை நிமிஷம் பேசினாங்கன்னு நானே குறிச்சிருக்கேன். நாளைக்கு முதலாளிகிட்ட எக்ஸெல்ல நிரூபிச்சுக் காட்டு. இல்லாட்டி அவங்களோட நீயும் கெளம்பிக்கோ."

மறுநாள் பாவாயி திரையை முதலாளி பக்கம் திருப்பினாள். "ரெண்டு விஷயம் சேர்ந்து ஏறி இறங்குதான்னு இந்த ஒட்டுறவு எண் சொல்லுமுங்க. பேச்சுக்கும் முட்டைக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம். சம்பந்தமே இல்லீங்க."

"அப்ப எதனால கொறையுது?" என்றார் முதலாளி.

"கேட் நோட்டைப் பார்த்து, மேனேஜர் சார் பைக் படபடன்னு உள்ள வந்த தடவையையும் போட்டேனுங்க. மைனஸ் பாயிண்ட் ஒம்போது. பைக் அதிகமா வந்த நாள்லதான் முட்டை கொறையுதுங்க."

"அதெல்லாம் தற்செயல்!" என்று குதித்தார் மேனேஜர்.

"இருக்கலாமுங்க. ஒரு வாரம் நடந்து வந்து பாருங்களேன்."

முதலாளி சிரித்தபடி பைக் சாவியை வாங்கிக்கொண்டார். எட்டாம் நாள் பார்த்தால், தினசரி சராசரியில் எண்ணூறு முட்டை ஏறியிருந்தது. செய்தி கேட்ட பெண்கள் கொட்டகையே அதிரச் சிரித்தார்கள். ஒரு கோழிகூட மிரளவில்லை.